புழக்கடையில் குதிக்கும் பலூன்: தம்பதிகள் சேர்ந்து செய்ய வேண்டிய ஏற்பாடு



குடும்ப நலப் பேச்சு என்றவுடன் தடுப்பூசி, கர்ப்பிணியின் சாப்பாடு, இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே எத்தனை வருஷ இடைவெளி என்றுதான் பேசப் போகிறார்கள் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அவையெல்லாம் முக்கியமானவையே. ஆனால் அளவாகப் பெற்ற பிள்ளையை அடிபடாமல் வளர்த்து ஆளாக்குவதும் குடும்ப நலம்தான். ஆகவே இன்றைக்கு ஒரு விளையாட்டுச் சாமானைப் பற்றிப் பேசப் போகிறோம்.

பிறந்தநாள், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்றால் இப்போது வீட்டுப் புழக்கடையில் காற்றடைத்த பெரிய கோட்டை ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். குதிக்கும் பலூன் என்றும், ஜம்பிங் என்றும், மிக்கி மவுஸ் என்றும் அதற்குப் பல பெயர். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியிலும் திருவிழா மைதானங்களிலும் பார்த்த சாமான், இன்று பாகலூர், பேரிகை, சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வீடுகளுக்கே வண்டி ஏறி வருகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளி, ஆனேக்கல்லிலிருந்தும் கொண்டுவருகிறார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான், வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வைப்பதற்கு முன் புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்து பேசி என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறோம்.

முதலில் யாருக்காக என்று கேளுங்கள்

ஒரு வீட்டில் இப்படிப் பேச்சு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

"ஏங்க, உங்க தங்கச்சி வீட்டுல பலூன் வச்சாங்களே, நம்ம பாப்பாவோட முதல் பொறந்தநாளுக்கும் ஒண்ணு வச்சிடலாமா?"

"வைக்கலாம். ஆனா பாப்பாவுக்கு இன்னும் நிக்கவே வரலையேம்மா. அதுல அவ என்ன பண்ணுவா?"

இந்தக் கேள்விதான் சரியான கேள்வி. ஒரு வயசுக் குழந்தைக்கு அதில் ஆட்டமே இல்லை. 6 வயது நிறைந்த பிள்ளைகளுக்குத்தான் இது ஏற்றது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். சின்னக் குழந்தையின் எலும்பு இளசு; நிலை தடுமாறினால் தன்னைத் தாங்கிக்கொள்ளத் தெரியாது. பெரிய பையன் ஒருவன் பக்கத்தில் குதித்தால் சின்னது பந்து போல எகிறி விழும். ஆகவே விழாவுக்கு வரும் பிள்ளைகளில் 6 வயதுக்கு மேற்பட்டவர்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். மூன்று நான்கு பேர்தான் என்றால், அந்த வாடகைப் பணத்தைப் பாப்பாவின் பெயரில் போட்டு வையுங்கள். கடன் வாங்கி எந்தக் காரணத்துக்காகவும் வைக்க வேண்டாம்.

இந்தச் சாமான் எப்படி நிற்கிறது?

இது 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் தோன்றியது. ஜான் ஸ்கர்லாக் என்ற பொறியாளர் டென்னிஸ் மைதானத்தை மூடுவதற்காகக் காற்றடைத்த கூரைகளைச் செய்துகொண்டிருந்தார். வேலையாட்கள் அதன் மேல் ஏறிக் குதித்து மகிழ்வதைப் பார்த்து, இதையே விளையாட்டாக்கினார்.

கையில் பிடிக்கும் பலூனுக்கு ஒரு தரம் ஊதி வாயைக் கட்டிவிடுகிறோம். இது அப்படி இல்லை. தையல் வழியே காற்று எந்நேரமும் கசிந்துகொண்டே இருக்கும். ஊதுகாற்று மோட்டார் விடாமல் ஓடி அதை நிரப்பிக்கொண்டே இருக்கும். மோட்டார் நின்றால் கோட்டை தொய்ந்து சுவர் உள்ளே சரியும். இது முதல் ஆபத்து. அளவுக்கு இது எடை குறைவான சாமான், பரப்பளவோ பெரிசு. பாய்மரம் போலக் காற்றை வாங்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது தள்ளும் பலம் நான்கு மடங்காகும். இது இரண்டாவது ஆபத்து. பெரிய ஆபத்தும் இதுவே.

நடந்த இரண்டு சம்பவங்கள்

இங்கிலாந்தில் ஹார்லோ என்ற ஊரில் 2016 மார்ச் 26 அன்று, ஒரு சிறுமி உள்ளே இருக்கும்போதே இப்படிப்பட்ட கோட்டையைக் காற்று பெயர்த்துக்கொண்டு போயிற்று. சுமார் 300 மீட்டர் தூரம் உருண்டது. 7 வயதுச் சிறுமி இறந்துபோனாள். சரியாகத் தறி அடித்துக் கட்டவில்லை, காற்றைக் கவனிக்கவில்லை என்று நடத்தியவர்கள் இருவருக்கும் 2018-இல் ஆளுக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் டெவன்போர்ட் ஊரில், 2021 டிசம்பர் 16 அன்று ஒரு தொடக்கப் பள்ளியின் ஆண்டு இறுதிக் கொண்டாட்டம். காலை 10 மணி அளவில் திடீரென்று ஒரு சுழல்காற்று வந்தது. நம் ஊரில் வெயில் நேரத்தில் புழுதியையும் சருகையும் சுருட்டிக்கொண்டு எழும்புமே, பேய்க்காற்று என்பார்களே, அதே வகைதான். பிள்ளைகளோடு கோட்டை மேலே எழும்பிற்று. ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து பிள்ளைகள் விழுந்தார்கள். 6 பிள்ளைகள் இறந்தார்கள். அந்தக் காற்றை யாரும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது என்று 2025-இல் நீதிமன்றம் முடிவு செய்து, நடத்தியவரை விடுவித்தது.

முதல் சம்பவம், கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று காட்டுகிறது. இரண்டாவது, காற்று சொல்லிக்கொண்டு வராது என்று காட்டுகிறது. 2000-ஆம் ஆண்டிலிருந்து 2021 வரை உலகில் காற்றினால் மட்டும் இப்படி 132 சம்பவங்களாவது நடந்திருக்கின்றன. 28 பேர் இறந்திருக்கிறார்கள் என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். நம் பக்கத்துப் பங்குனி, சித்திரை, வைகாசி வெயிலையும், மத்தியானத்துக்கு மேல் இருட்டிக்கொண்டு வரும் கோடை மழையையும், அதற்கு முன்னால் வீசும் சூறையையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாங்காய் எல்லாம் ஒரே அடியில் கொட்டிப்போவதைப் பார்த்தவர்கள்தானே நீங்கள்.

இடத்தைத் தயார் செய்யுங்கள்

விழாவுக்கு ஒரு வாரம் முன்பே இருவரும் புழக்கடைக்குப் போய் அளந்து பாருங்கள்.

பலூன் 15 அடிக்கு 15 அடி என்று வைத்துக்கொள்வோம். சுவர் உள்ள மூன்று பக்கமும் 6 அடியும், ஏறி இறங்கும் முன்பக்கம் 12 அடியும் வெறும் இடம் விட வேண்டும். ஆக அகலம் 27 அடி, நீளம் 33 அடி. கணக்குப் போட்டால் சுமார் 2 சென்ட் வெற்றிடம். இது இல்லாவிட்டால் சின்ன பலூனாகக் கேளுங்கள், அல்லது களத்தில் வையுங்கள். மதிலோடும் மாட்டுக்கொட்டகையோடும் ஒட்டி வைக்கக் கூடாது.

தரை மட்டமாக இருக்க வேண்டும். 20 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் சரிவு ஆகாது. நம் பக்கம் கல்லும் பாறையும் நிறைந்த மண். கூரான ஜல்லி, முள், உடைந்த பாட்டில், பழைய ஆணி, வெட்டிய துவரைக் கட்டை எல்லாவற்றையும் பொறுக்கிப் பெருக்குங்கள். மண்ணில் பாதி புதைந்து நிற்கும் கல்லையும் விடாதீர்கள். அதன் மேல் விழுந்தால் பலூன் காப்பாற்றாது. முன்பக்கம் பழைய மெத்தையோ வைக்கோலோ பரப்பி, மேலே கெட்டியான பாய் போடுங்கள். பிள்ளைகள் வழுக்கி விழுவது அந்த வாசலில்தான்.

மேலே அண்ணாந்து பாருங்கள். மின்கம்பி போகிறதா? போனால் அந்த இடமே வேண்டாம். காய்ந்த தென்னை மட்டையும் குலையும் தொங்கும் மரத்தடியும் வேண்டாம்.

கீழேயும் பாருங்கள். புழக்கடையில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, மூடாத தண்ணீர்த் தொட்டி, கழிவறைக் குழி, கைவிட்ட ஆழ்துளைக் கிணறு உண்டா? விழா நாளில் இருபது முப்பது பிள்ளைகள் வருவார்கள். குதிக்க முறை வராத பிள்ளைகள் சும்மா நிற்க மாட்டார்கள். 2019 அக்டோபர் 25 அன்று திருச்சி மாவட்டம் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில், பயன்படுத்தாத ஆழ்துளைக் கிணற்றில் 2 வயதுக் குழந்தை விழுந்ததையும், நான்கு நாள் போராட்டத்துக்குப் பின் உயிரில்லாமல் எடுத்ததையும் நாடே பார்த்தது. பலூன் வைக்கிறோமோ இல்லையோ, அந்தக் குழிகளை மூடுவது இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை.

தறி அடித்துக் கட்டுங்கள்

பலூனின் அடியைச் சுற்றி இரும்பு வளையங்கள் இருக்கும். குறைந்தது 6 இடத்தில் கட்ட வேண்டும். எத்தனை வளையம் இருக்கிறதோ அத்தனையிலும் கட்டுங்கள். "நாலு மூலை போதுங்க, எப்பவும் அப்படித்தான் கட்டுறோம்" என்று ஆள் சொன்னால் விட்டுவிடாதீர்கள்.

தறி இரும்பாக, 15 அங்குல நீளமாவது இருக்க வேண்டும். கனம் 16 மில்லி மீட்டர். மாடு கட்டும் முளைக்குச்சி போதாது. தறியின் தலை பலூனுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்படி முழுசாக இறக்க வேண்டும். அடித்த பிறகு நீங்களே கயிற்றைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். அசைந்தால் இடம் மாற்றி அடிக்கச் சொல்லுங்கள். மழை பெய்து ஊறிய செம்மண்ணிலும், புதிதாக உழுத மண்ணிலும் தறி பிடிக்காது.

அரை அடி தோண்டினால் பாறை என்றால் தறி இறங்காது. சிமெண்டுத் தளத்திலும் அப்படியே. அங்கே ஒவ்வொரு வளையத்துக்கும் 163 கிலோ பாரம் கட்ட வேண்டும் என்பது மேல்நாட்டு விதி. 50 கிலோ மணல் மூட்டை என்றால் ஒரு வளையத்துக்கு நான்கு. ஆறு வளையத்துக்கு 24 மூட்டை. "இவ்வளவா?" என்று மலைக்காதீர்கள், காற்றுக்கு அவ்வளவு பலம் இருக்கிறது. மோட்டார் சைக்கிள், தண்ணீர்க் குழாய், வேலிக்கல், இரும்பு கேட் ஆகியவற்றில் கட்டுவது கட்டே ஆகாது.

மின்சாரம்

ஊதுகாற்று மோட்டாரைப் பலூனிலிருந்து 4 அடியாவது தள்ளி, பிள்ளைகள் கை எட்டாதபடி தடுப்பு வைத்து நிறுத்துங்கள். வீட்டுப் பிளக்கிலிருந்து, எர்த் உள்ள மூன்று முனை வயரில், ஒட்டுப் போடாத ஒரே நீளமாக இழுங்கள். ஈரத்தின் மேலும் ஆள் நடக்கும் வழியிலும் வயர் கிடக்கக் கூடாது. மின் கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் ஆர்.சி.டி. என்ற கருவி வீட்டில் இல்லையென்றால், இந்த விழாவைச் சாக்காக வைத்தாவது பொருத்திவிடுங்கள். கம்பியில் கொக்கி போடுவது உயிருக்கு உலை. கிணற்று மோட்டாருக்குக் கொடுத்த இணைப்பிலிருந்தும் எடுக்கக் கூடாது.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று முன்பே பேசி வையுங்கள். பலூன் உடனே படுத்துவிடாது. கொஞ்ச நேரம் கிடைக்கும். காவல் இருப்பவர் வாசல் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் வெளியே வாங்க" என்று ஒரே குரலில் கூப்பிட வேண்டும். வெளியே வந்த தலைகளை எண்ண வேண்டும்.

யார் காவல்?

இதுதான் பல வீடுகளில் கோட்டை விடும் இடம். அம்மா சமையலில், அப்பா வாசலில் வரவேற்பில், பாட்டி பாப்பாவோடு. பலூனுக்கு யாரும் இல்லை. வாடகைக்காரரின் பையன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பான். நம் பக்கம் கணவன் மனைவி இருவருமே கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் அதிகம். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவரைக் காவல் வைக்காதீர்கள். சித்தப்பா, தாய்மாமன் என்று நிதானமான பெரியவர்கள் இரண்டு பேரிடம் முன்னாடியே சொல்லி, அரை மணிக்கு ஒருவராக மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

காவல்காரர் பார்க்க வேண்டியவை: ஒரே உயரமுள்ள பிள்ளைகள் ஒன்றாக ஏற வேண்டும். பலூனில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்கு மேல் ஏற்றக் கூடாது. எழுதாமல் இருந்தால் ஒரு தரத்துக்கு ஆறு பேர் போதும். செருப்பு, கண்ணாடி, வளையல், கொலுசு, சங்கிலி, கொண்டை ஊசி எல்லாம் கழற்றிவிட வேண்டும். வாயில் மிட்டாய் வேண்டாம். குட்டிக்கரணம் வேண்டாம். சுவர் மேல் ஏறுதல் வேண்டாம். வெயிலில் உள்ளே வெளியை விடச் சூடு அதிகம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் இறக்கித் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

காற்று இல்லாத நாளிலும் அடிபடுவது உண்டு. அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டில் இந்த விளையாட்டில் அடிபட்டு நாள் ஒன்றுக்கு 31 பிள்ளைகள் அவசர சிகிச்சைக்குப் போனதாகக் கணக்கு. எலும்பு முறிவும் சுளுக்குமே அதிகம். ஆகவேதான் காவல் வேண்டும் என்கிறோம்.

நிறுத்தும் தைரியம்

இனி நான் சொல்லப் போவதுதான் இன்றைய பேச்சின் சாரம்.

முறையாகக் கட்டிய பலூனும் மணிக்கு 38 கிலோ மீட்டர் வேகக் காற்று வரைதான் தாங்கும் என்பது விதி. நம்மிடம் காற்றை அளக்கும் கருவி இல்லை, கண் இருக்கிறது. தரையில் புழுதியும் காகிதத் துண்டும் பறக்க ஆரம்பித்தால் பிள்ளைகளை இறக்குங்கள். சின்ன மரங்கள் முழுசாக ஆட ஆரம்பித்தால் எல்லையைத் தொட்டாயிற்று. அதற்குள் பலூன் படுத்திருக்க வேண்டும். தூரத்தில் இடி கேட்டாலும், மேற்கே கறுத்தாலும், பக்கத்துக் காட்டில் பேய்க்காற்று சுழன்றாலும் யோசிக்க வேண்டாம். பிள்ளைகளை இறக்கிவிட்டு, மோட்டாரை நிறுத்திப் பலூனைப் படுக்க வையுங்கள்.

எழுதுவது சுலபம், செய்வது கஷ்டம். வாடகை கொடுத்தாச்சு. சொந்தக்காரர் எல்லாம் வந்தாச்சு. பிள்ளைகள் இப்போதுதான் ஏறியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் மனைவி வந்து, "ஏங்க, காத்து அதிகமா இருக்கு, இறக்கிடலாங்க" என்கிறாள். நாலு பேர் நடுவில் நிற்கும் கணவன் என்ன சொல்வான்? "நீ சும்மா இரு, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிடுவான். மாமியாரும், "பிள்ளைங்க ஆசையா ஆடுதுங்க, விடும்மா" என்பார். அவள் வாய் அடங்கிவிடும். ஆபத்து நுழைவது அந்த ஒரு நிமிஷத்தில்தான்.

ஆகவே விழாவுக்கு முந்தின ராத்திரியே இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். "நம்மில் யார் நிறுத்தச் சொன்னாலும் மற்றவர் ஏன் என்று கேட்கக் கூடாது. நிறுத்திவிட்டு அப்புறம் பேசுவோம்." இதை வீட்டுப் பெரியவர்களிடமும் வாடகைக்காரரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். தறி, கயிறு, மணல் மூட்டை எல்லாவற்றையும் விடப் பலமான கட்டு இதுதான். வீண் பயமாகப் போனால் நஷ்டம் அரை மணி ஆட்டம். பயம் நிஜமாகிவிட்டால் நஷ்டத்தை யாரால் ஈடு கட்ட முடியும்?

வாடகை பேசும்போதே கேளுங்கள்: எத்தனை தறி கொண்டுவருவீர்கள்? பாறையாக இருந்தால் பாரம் கொண்டுவருவீர்களா? காற்று வந்தால் நிறுத்துவீர்களா, வேறு நாளைக்கு மாற்றிக் கொடுப்பீர்களா? ஆள் கூடவே இருப்பாரா? தமிழோ, தெலுங்கோ, கன்னடமோ, அவருக்குப் புரியும் பாஷையில் கேட்டு, பதிலைத் துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். நழுவுகிறவரிடம் வாடகை குறைவாக இருந்தாலும் எடுக்காதீர்கள்.

அடிபட்டால்

கை காலில் வீக்கமும் கோணலும் இருந்தால் இழுத்துவிடவோ எண்ணெய் போட்டு நீவவோ கூடாது. அட்டையோ குச்சியோ வைத்து அசையாமல் துணியால் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம், விடாத தூக்கம், வலிப்பு இருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள். கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்துப் போகிறது என்று பிள்ளை சொன்னால் தூக்கி நிறுத்தாமல் படுத்தபடியே வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். எல்லையின் இரு பக்கமும் அதே 108தான்; ஆகவே ஊர், தாலுகா, மாவட்டம், மாநிலம் நான்கையும் தெளிவாகச் சொல்லுங்கள். ஓசூர் அரசு மருத்துவமனையும், கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உங்களுக்காக இருக்கின்றன.

கடைசியாக ஒரு வார்த்தை. முதல் பிறந்தநாள் கொண்டாடும் வீட்டார், பலூனுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், பாப்பாவின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். 9 மாதம் முடிந்ததும் போட வேண்டிய தட்டம்மை - ரூபெல்லா ஊசி விடுபட்டிருந்தால், நாளைக்கே கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். குழந்தைக்கு நீங்கள் தரும் முதல் பரிசு அதுவாக இருக்கட்டும்.

இதைப் படித்தவர்கள் படிக்காதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அக்கம்பக்கத்தில் விழா வைத்திருக்கும் வீட்டுக்கு இந்தத் தாளைக் கொடுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் குதிக்கட்டும், சிரிக்கட்டும், சாயங்காலம் முழுசாக வீடு வந்து சேரட்டும்.